டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: நாயிடமிருந்து நமக்கா, நம்மிடமிருந்து நாய்க்கா?

போன இதழில் ஒரு லேப்ரடாரின் காது சீழைப் பற்றி எழுதும்போது, மருந்துக்கு அடங்காத கிருமி நாயிடம் இருந்தால் அந்த வீட்டு மனிதர்களிடமும் இருக்க வாய்ப்புண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றித்தான். சிலருக்குப் பயம், சிலருக்குக் கோபம். தடுப்பூசி, தீவனம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

என் மாமனாருக்குச் சர்க்கரை. காலில் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சீழை எடுத்துச் சோதித்ததில் எம்ஆர்எஸ்ஏ என்று வந்திருக்கிறது. வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். எப்போதும் மாமாவின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். புண்ணை நக்கியதையும் பார்த்திருக்கிறோம். "நாயால்தான் வந்தது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்கிறார் கொழுந்தனார். மாமா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது டாக்டரம்மா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

மணியை எங்கும் கொண்டுபோய் விட வேண்டாம் அம்மா. இதை முதலில் மாமாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

எம்ஆர்எஸ்ஏ என்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் மெத்திசிலினுக்கு அடங்காத வகை. மெத்திசிலின் என்ற மருந்து 1959-ல் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஆரியஸை இங்கிலாந்தில் கண்டுவிட்டார்கள். இந்த ஆரியஸ் அடிப்படையில் மனிதக் கிருமி. நம்மில் பலருடைய மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கிறது. நாயின் தோலிலும் வாயிலும் இயல்பாக இருப்பது ஆரியஸின் உறவுக்காரக் கிருமி, பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ். ஆகவே ஒரே வீட்டில் நாயிடமும் மனிதரிடமும் எம்ஆர்எஸ்ஏ இருந்தால், பெரும்பாலும் மனிதரிடமிருந்து நாய்க்குப் போனதாகவே இருக்கும். உங்கள் மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர், கட்டு மாற்றிக்கொள்கிறவர், ஆன்டிபயாடிக் பல தடவை சாப்பிட்டிருப்பவர். மணிக்கு இதில் எதுவும் கிடையாது.

அதற்காக மணியைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது. போன கிருமி திரும்பியும் வரும். அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கு எம்ஆர்எஸ்ஏ தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கணவர் சர்க்கரை நோயாளி. சிகிச்சை எடுத்தால் அடங்கும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். கடைசியில் அவர்கள் வளர்த்த நாயின் மூக்கில் சோதித்தபோது அதே கிருமி இருந்தது. நாய்க்கோ ஒரு நோயும் இல்லை. நாயையும் சேர்த்துக் கவனித்த பிறகுதான் அந்த வீட்டில் தொற்று நின்றது. 2003-ல் மருத்துவ இதழில் வெளிவந்த விவரம் இது.

இதைப் படித்துவிட்டு மணிக்கு ஆன்டிபயாடிக் வாங்கப் போய்விடாதீர்கள். மணிக்குப் புண், சீழ் எதுவும் இல்லையென்றால் மருந்தே வேண்டாம். ஆரியஸுக்கு நாயின் உடம்பு சொந்த வீடு கிடையாது. மனிதரிடமிருந்து மறுபடி மறுபடி போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலான நாய்களிடமிருந்து சில வாரங்களில் தானாகவே போய்விடும். நீங்கள் செய்ய வேண்டியது, புண்ணை எப்போதும் கட்டுக்குள் மூடி வைப்பது, கட்டு மாற்றிய கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது, பழைய கட்டுத் துணியை மணி இழுக்க முடியாதபடி மூடிய தொட்டியில் போடுவது. புண் ஆறும்வரை மணியின் படுக்கையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல் பக்கமாக நகர்த்துங்கள், மாமா கண்ணுக்குத் தெரிகிற இடமாக. தலையைத் தடவிக் கொடுக்கலாம், தடவிய கையைக் கழுவினால் போதும். படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

புண்ணை மட்டும் இனி நக்கவே விடக்கூடாது. நக்கினால் புண் சீக்கிரம் ஆறும் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். நாயின் எச்சில் திறந்த புண்ணில் பட்டால் அது ரேபிஸ் கணக்கில் கடிபட்டதற்குச் சமமான தொடர்பு. மணிக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், புண்ணை நக்கியது என்பதை மாமாவின் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அவர் தடுப்பூசி வேண்டுமா என்று முடிவு செய்வார். வீட்டில் நாய் இருக்கிறது என்பதே பல சர்ஜன்களுக்குத் தெரிவதில்லை, நாம் சொன்னால்தான் தெரியும்.

எங்கள் லேப்ரடாருக்கு இரண்டு வருடமாகத் தோல் வியாதி. செஃபலெக்சின் கொடுத்தோம், சரியானது, திரும்ப வந்தது. அப்புறம் செஃபிக்ஸிம், அப்புறம் ஊசி. இப்போது கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்ததில் எம்ஆர்எஸ்பி என்று ரிப்போர்ட். மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக "ஆர்" என்று போட்டிருக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. தூக்கமே வரவில்லை.
— ஒரு வாசகர், வேளச்சேரி

நீங்கள் தூங்கலாம். நான் மேலே சொன்ன சூடிண்டர்மீடியஸ்தான் மருந்துக்கு அடங்காத வகையாக மாறி எம்ஆர்எஸ்பி ஆகியிருக்கிறது. மனிதத் தோலில் அது சுலபமாகத் தங்குவதில்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் நோய் வருவது அபூர்வம். ஆபரேஷன் காயம் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இப்போதைக்குக் குழந்தையும் நாயும் ஒரே மெத்தையில் தூங்க வேண்டாம், நாயின் புண்ணைக் குழந்தை தொட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் ஆக்சாசிலின் என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு எதிரே "ஆர்" (கிருமி அடங்காது) என்று இருந்தால், அமாக்சிசிலின், செஃபலெக்சின், செஃபிக்ஸிம் என்று அந்தக் குடும்பத்து மருந்து எதுவும் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. சில ரிப்போர்ட்டில் அதில் ஒன்றிரண்டுக்கு எதிரே "எஸ்" (அடங்கும்) என்று இருக்கும், அதை நம்பிக் கொடுக்கக்கூடாது. இந்தக் கிருமியிடம் மெக்-ஏ என்ற ஒரு மரபணு இருக்கிறது. இந்த மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்கின்றன. அவற்றால் பிடிக்க முடியாத வேறொரு புரதத்தை அந்த மரபணு செய்து கொடுத்துவிடுகிறது.

இனி என்ன வழி? அடுத்த பெரிய மாத்திரையைத் தேடி ஓடாமல் இருப்பதுதான். மேல்தோலோடு நிற்கிற தொற்றுக்கு, எம்ஆர்எஸ்பியாகவே இருந்தாலும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூ அருமையாக வேலை செய்யும். தோலில் நேரடியாகப் படுகிற அளவு மிக அதிகம் என்பதால் மாத்திரைக்கு அடங்காததும் அங்கே அடங்கும். ஆனால் பத்து நிமிடம் நுரையோடு நிற்க வேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான். போட்டவுடன் தண்ணீர் ஊற்றிவிட்டால் பயனில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை, பிறகு அடிமுடி வரை ஈரம் போகத் துடைத்தெடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் அந்த அடர்ந்த ரோமம் லேசில் காயாது.

அதைவிட முக்கியமானது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பது. ஆரோக்கியமான தோலில் இந்தக் கிருமி சும்மா இருக்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, அலர்ஜி, தைராய்டு குறைவு என்று ஏதோ ஒன்று தோலைக் கெடுத்தால்தான் அது சீழாகிறது. அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே ஆன்டிபயாடிக் கொடுத்தால், ஒவ்வொரு கோர்ஸிலும் அடங்குகிற கிருமி செத்து, அடங்காதது மட்டும் மிஞ்சும். உங்கள் நாய்க்கு நடந்ததும் அதுதான்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது ஆறாத புண் வந்தால் "வீட்டில் எம்ஆர்எஸ்பி உள்ள நாய் இருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மனித மருத்துவ லேப்களில் இந்தக் கிருமியை ஆரியஸ் என்று தவறாக எடுத்துக்கொள்வது உண்டு.

எனக்குச் சளிக்குக் கொடுத்த அமாக்சிசிலின்–கிளாவுலனேட் நாலு மாத்திரை மிச்சம். நாய்க்குப் பேதி. பாதி மாத்திரை போதுமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். வளர்ந்த நாய்க்கு வருகிற சாதாரணப் பேதி பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். தண்ணீர் நிறைய, குழைந்த சோறு, கொஞ்சம் வேகவைத்த கோழி. ரத்தம் போனால், வாந்தியும் சேர்ந்தால், குட்டியாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸாக இருந்தால் வீட்டு வைத்தியத்தில் உயிர் போய்விடும்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அதே கிருமி அவர் மனைவிக்கு ஒட்டுகிறது, அவருக்குப் பென்சிலின் கேட்காமல் உயிரே போகிறது. ஒரே வீட்டுக்குள் நடக்கிற கதையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் இன்று ஒரு நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு உதாரணம், நாய்க்கு நாங்கள் எழுதுகிற என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பகுதி உடம்புக்குள் போனதும் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடுகிறது. அது நீங்கள் சாப்பிடுகிற அதே மருந்து. நாய்க்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று தனித்தனி மருந்துக் கிடங்கு கிடையாது.

"சூப்பர்பக்" என்ற என்டிஎம் நாய்களிடமும் வந்துவிட்டதா? அதில் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் பேராசிரியர் சொன்னார்.
— மைக்ரோபயாலஜி மாணவி, சேலம்

வந்துவிட்டது. உங்கள் பேராசிரியர் சொன்னதும் சரி. என்டிஎம் என்பது நியூ டெல்லியின் பெயர் வைத்த ஒரு நொதி, அதைக் கிருமிக்குச் செய்து கொடுப்பது ஒரு மரபணு. 2008-ல், டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம்தான் இந்த மரபணு முதலில் தெரிய வந்தது. 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். என்டிஎம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் பதிவானது. கார்பபீனம் என்ற கடைசிக் கட்ட மருந்துகளையே உடைத்துப் போடுகிற நொதி அது. ஊர்ப் பெயர் வைத்ததில் அன்றைக்குப் பெரிய சர்ச்சை. என்னைப் பொறுத்தவரை, பெயருக்காகக் கோபப்பட்டதில் பாதி, இப்படிக் கிருமிகள் பரவுகிற சாக்கடை நீருக்காகக் கோபப்பட்டிருக்கலாம்.

2013-ல் அமெரிக்காவில் செல்லப் பிராணிகளிடம் என்டிஎம்-1 உள்ள இ.கோலை என்ற குடல் கிருமி பதிவானது. 2015-ல் பின்லாந்தில், காது சீழுக்காகச் சிகிச்சைக்கு வந்த இரண்டு நாய்களிடம் அதன் இன்னொரு வகையான என்டிஎம்-5 இருந்தது. இரண்டும் ஒரே வீட்டு நாய்கள். அந்த வீட்டு மனிதர் ஒருவரிடமும் அதே கிருமி. நாய்களுக்குக் கார்பபீனம் கொடுப்பது மிக மிக அரிது, ஆகவே மனிதர் பக்கத்திலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர்ச்சுகலிலும் பிரிட்டனிலும் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மனிதர், நாய், பூனை எல்லோருடைய மலத்தையும் நான்கு மாதம் மாதா மாதம் சோதித்தார்கள். சில வீடுகளில் மருந்துக்கு அடங்காமல் செய்கிற ஒரே மரபணு இரு தரப்பிடமும் இருந்தது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள்.

இந்த மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கின்றன. ஒரு கிருமி அதை ஜெராக்ஸ் எடுத்து பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும், அது வேறு இனமாக இருந்தாலும் சரி. நாயின் குடலில் இருக்கிற சாதுவான இ.கோலையிடமிருந்து உங்கள் குடலில் இருக்கிற வேறொன்றுக்குப் போகலாம். ஒரே வீட்டில் ஒரே கிருமி இருக்கிறதா என்று மட்டும் தேடினால் பாதிதான் கண்ணில் படும். நீங்கள் ஆராய்ச்சிக்குப் போனால் நம்மூர் வீடுகளில் இதைச் செய்யுங்கள் அம்மா.

நீங்கள் எல்லாம் முதல் நாளே ஊசி போட்டுவிட்டு, இப்போது எங்களைக் குற்றம் சொல்கிறீர்கள். நியாயமா?
— ஒரு வாசகர், ஈரோடு

நியாயமான கோபம். செஃப்ட்ரையாக்சோன் ஊசி முதல் நாளே போடப்படுவது பல கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. மனித ஆஸ்பத்திரியில் கடுமையான தொற்றுக்கு வைத்திருக்கிற மருந்து அது. தோலில் ஒரு கொப்புளத்துக்கு அதைப் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். என் சக டாக்டர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றும் சொல்ல வேண்டும். சீழைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கிருமியா, ஈஸ்ட் என்ற பூஞ்சையா, வெறும் அலர்ஜியா என்று அங்கேயே தெரிந்துவிடும். காது சீழில் பல நேரம் ஈஸ்ட்தான் இருக்கும், ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. அந்தப் பத்து நிமிடத்துக்குக் கட்டணம் சொன்னால் "ஊசி போட்டு அனுப்புங்க மேடம்" என்கிறார்கள். கல்ச்சருக்கு மூன்று நாலு நாள் காத்திருங்கள் என்றால் வேறு டாக்டரிடம் போய்விடுகிறார்கள். சின்ன ஊர்களில் பக்கத்தில் லேப்பும் இல்லை. இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிற, மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணையில் செஃப்ட்ரையாக்சோன், செஃபிக்ஸிம், கார்பபீனங்கள் எல்லாம் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நாய்க்கு என்று சொல்லிக் கேட்டாலும் அதே விதிதான். கடைக்காரர் சீட்டு கேட்டால் சண்டை போடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதற்கு ஆன்டிபயாடிக் அவசியம்தானா? ஷாம்பூ, களிம்பு, சொட்டு மருந்தில் சரியாகுமா?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நாள் கொடுத்தால் நல்லது என்ற பழைய எண்ணமும் மாறிவருகிறது. நாய்க்கு வருகிற சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்பதுதான் இன்றைய பரிந்துரை.

கடையில் குட்டி வாங்கினோம். "ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்துவிட்டோம், இனி நோயே வராது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து கழிச்சல். இப்போது என் மகளுக்கும் காய்ச்சலும் பேதியும்.
— ஒரு வாசகி, திருப்பூர்

மகளை உடனே டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் புதுக் குட்டி இருக்கிறது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2016-லிருந்து 2018 வரை, கடைக் குட்டிகளிடமிருந்து கேம்பிலோபாக்டர் என்ற பேதிக் கிருமி 18 மாநிலங்களில் 118 பேருக்குப் பரவியது. அதில் 29 பேர் கடை ஊழியர்கள். வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. விசாரித்தபோது, 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். அந்த 142-இல் பாதிக்கு மேல் நோயே இல்லாமல், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் கொடுத்தது. உங்கள் கடைக்காரர் பெருமையாகச் சொன்ன அதே வழக்கம்.

குட்டியின் மலத்தையும் சோதிக்கக் கொடுங்கள். கழிச்சல் நிற்கும்வரை பெரியவர் ஒருவரே கையுறை போட்டுச் சுத்தம் செய்யட்டும். சமையலறைப் பக்கம் குட்டியை விட வேண்டாம்.

பச்சைக் கோழிதான் நாய்க்கு இயற்கையான உணவு என்கிறார்களே?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

வேகவைத்தே கொடுங்கள். பச்சை இறைச்சி தின்னும் நாய்களின் மலத்தில் மருந்துக்கு அடங்காத இ.கோலை அதிகம் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கோழியோடு வந்த கிருமி நாயின் வாய்க்கும், அங்கிருந்து உங்கள் முகத்துக்கும் வரும். நாய்த்தட்டுக்குத் தனி ஸ்பான்ஜ் வையுங்கள், வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் அதைக் கழுவ வேண்டாம்.

இரவில் எங்கள் பொமரேனியன் என் தலையணையில்தான் தூங்கும். நிறுத்திவிட வேண்டுமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

உங்களுக்கும் நாய்க்கும் உடம்பு நன்றாக இருந்தால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். தலையணையிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றுங்கள், வாயை நக்க விடாதீர்கள். நீங்கள் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற நாட்களிலும், நாய் சாப்பிடுகிற நாட்களிலும் தனித்தனியாகப் படுங்கள். மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் மட்டும் படுக்கையை முழுதாகவே பிரித்துவிடுவது நல்லது.